போர்க்காலத்துப் பெண்டிர் உடை: சீட்டால் அளந்த நாடும் நூலால் அளந்த நாடும்

போர் என்றவுடன் பலர்க்கு நினைவில் எழுவன பீரங்கியும் ஆகாய விமானமுமே. தறிக்குழியில் அமர்ந்த முதியவர் ஒருவரைக் கேட்டால் அவர் வேறொன்று கூறுவார். போர் வந்தால் நூல் போய்விடும் என்பார். 1939 முதல் 1945 வரை நிகழ்ந்த இரண்டாம் உலகப்போரில் உலகெங்கும் இதுவே நடந்தது. படைக்கு வேண்டிய துணி முதலில். வீட்டுக்கு வேண்டியது அதன் பின்னர். எஞ்சிய சிறிதளவைக் கோடிக்கணக்கான மக்களுக்கு எங்ஙனம் பங்கிடுவது என்பது ஒவ்வோர் அரசாங்கத்தின் முன்னும் நின்ற வினா.

இவ்வினாவுக்கு விடை ஒன்றன்று. ஜெர்மனி, உடுப்பவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அவருடைய உடையை அளந்தது. நம் சென்னை மாகாணத்திலோ, நெய்பவர் கைக்குச் செல்லும் நூலை அளந்தார்கள். இரண்டும் பங்கீடுதான். ஆயினும் எந்த இடத்தில் அளவுகோல் வைக்கப்படுகின்றதோ அந்த இடத்தில் நிற்பவர் தலையிலேயே சுமை இறங்குகின்றது. இதனைப் பெண்டிர் உடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கலாம் என எண்ணுகின்றேன். ஆடவருள் பலர் படையிற் சேர்ந்து அரசாங்கச் சீருடை அணிந்துவிட்டனர். கடைத்துணியையே முற்றும் நம்பி இருந்தோர் பெண்டிரும் சிறுவருமே.

குத்தம்பாக்கம், திருமழிசை, பூவிருந்தவல்லிப் பக்கத்து உறுப்பினர்களுள் நெல்லும் காய்கறியும் மலரும் விளைப்போர் பலர். நெசவைத் தொழிலாகக் கொண்டோர் நம் மாவட்டத்தில் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களிலேதான் மிகுதி. எனினும் இது நெசவாளர்க்கு மட்டும் உரிய செய்தி என்று விளைப்போர் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டா. அதே ஆண்டுகளில் நெல்லும் அளக்கப்பட்டது. சென்னை நகரில் அரிசி 1943 முதல் பங்கீட்டுச் சீட்டின் பேரில் கொடுக்கப்பட்டது. விளைப்பவனும் நெய்பவனும் ஒரே தராசின் இரு தட்டுகளில் நின்ற காலம் அது.

ஜெர்மானியப் பெண்ணின் இரட்டை உடை

முதலில் ஜெர்மனியின் நிலையைப் பார்ப்போம். அந்நாட்டு நகரங்களில் அலுவலகம் செல்லும் பெண்டிர் விரும்பி அணிந்தது 'கோஸ்ட்யூம்' எனப்படும் இரட்டை உடை. நாம் 'சூட்' என்கிறோமே, அதன் பெண்டிர் வகை. இடுப்பைப் பிடித்து நிற்கும் கோட்டு ஒன்று. முழங்காலளவே இறங்கும் பாவாடை ஒன்று. இரண்டும் ஒரே கம்பளித் துணியில் வெட்டித் தைக்கப்படும். உள்ளே வெளிர்நிற மேற்சட்டை. தோள்பட்டையில் பஞ்சு வைத்துத் தைத்து அகலமாகக் காட்டுவது அக்காலத்து நாகரிகம். இது ஜெர்மனியர் கண்டுபிடித்ததன்று. 1930-களின் நடுவிலிருந்தே பாரிஸ், இலண்டன், அமெரிக்கா எங்கும் பரவியிருந்தது. நாஜி ஆட்சியாளர் பெண்களைப் பார்த்து, பாரிஸ் நாகரிகம் வேண்டா, நாட்டுப்புற உடையை அணியுங்கள் என்று போதித்ததுண்டு. நகரத்துப் பெண்கள் அதனைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. போர் நடந்த ஆண்டுகளிலும் அந்நாட்டு நாகரிக இதழ்கள் அகன்ற தோளும் ஒடுங்கிய இடையும் கொண்ட சூட்டுகளையே அச்சிட்டு வந்தன.

அச்சிட்ட படம் வேறு, கடையிற் கிடைக்கும் துணி வேறு. போர் தொடங்கியது 1939 செப்டம்பர் முதல் தேதி. அவ்வாண்டு நவம்பரிலேயே ஆடைச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்கு ஒருவருக்கு 100 புள்ளிகள். ஒவ்வோர் உடைக்கும் இத்தனை புள்ளி என்று அட்டவணை. ஒரு சோடிக் காலுறைக்கு 4 புள்ளி. கம்பளிப் பின்னற்சட்டைக்கு 25. பெண்டிர் சூட்டுக்கு 45. கடைக்காரர் பணத்தையும் பெற்றுக்கொள்வார், சீட்டில் உள்ள புள்ளிகளையும் வெட்டி எடுத்துக்கொள்வார். பணம் இருந்து புள்ளி இல்லையேல் துணி இல்லை. புள்ளி இருந்து பணம் இல்லையேல் அதுவும் இல்லை.

இக்கணக்கைச் சற்றே ஆழ்ந்து நோக்க வேண்டும். சூட்டு ஒன்று வாங்கினால் ஆண்டின் பங்கில் பாதிக்கு அண்மையில் போயிற்று. பின்னற்சட்டையும் ஒன்று வாங்கினால் 70 தீர்ந்தது. மீதி 30 புள்ளியில் உள்ளாடை, காலுறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டுக் குளிரையும் நினைத்துக்கொள்க. 1940-இல் வந்த இரண்டாம் சீட்டில் 150 புள்ளிகள் இருந்தன. அதன் பிறகு வந்தவை சுருங்கிக்கொண்டே போயின. புள்ளி கையில் இருந்தும் கடையில் சரக்கு இல்லாத நிலை விரைவில் வந்தது. சீட்டு என்பது வாங்கும் உரிமையே அன்றி வழங்கும் உறுதியன்று என்பதை அப்பெண்டிர் தெரிந்துகொண்டனர். நகரங்கள்மீது குண்டுவீச்சு கடுமையான 1943-க்குப் பிறகு, இருந்த சிறிதளவு துணியும் வீடிழந்தோர்க்கே முதலிற் சென்றது.

துணியின் தரமும் மாறிற்று. ஜெர்மனியில் பருத்தி விளைவதில்லை, கம்பளியும் போதாது. ஆகவே 1936-இல் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தின் கீழ், மரக்கூழிலிருந்து பஞ்சு செய்யும் ஆலைகளைப் பெருக்கினார்கள். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் பின்னர் கார்பன் டை சல்பைடிலும் கரைத்துப் பாகாக்கி, நுண்துளைத் தகட்டின் வழியே அமிலத் தொட்டியில் பீய்ச்சினால் இழை கிடைக்கும். அதனைத் துண்டு துண்டாக வெட்டினால் பஞ்சு. நம் நெசவாளர் இன்று விஸ்கோஸ் என்றும் ஸ்பன் ரேயான் என்றும் அறிந்திருப்பது இதுவே. பார்வைக்கு நன்று, சாயமும் நன்றாக ஏறும். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கும். இதனைக் கம்பளியோடு கலந்து நெய்த சூட்டு மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பதை நூலறிந்தவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே பழையதைப் புதியதாக்கும் கலை வளர்ந்தது. 'பழையதிலிருந்து புதியது செய்' என்பது அங்கே ஓர் அரசாங்க முழக்கமாகவே ஆயிற்று. மாதர் சங்கங்கள் தையல் வகுப்புகள் நடத்தின. போருக்குச் சென்ற கணவனின் சூட்டைப் பிரித்து மனைவி தனக்குச் சூட்டாகத் தைத்துக்கொள்வது எங்கும் காணக்கூடியதாயிற்று. தையற்கலை அறிந்தோர் இதன் நுட்பத்தை உணர்வர். ஆண் கோட்டில் இடப்பக்கம் மேலே வரும். பெண் கோட்டில் வலப்பக்கம் மேலே வரவேண்டும். ஆகவே பொத்தானும் காதும் இடம் மாறவேண்டும். காற்சட்டையின் உட்தையலைப் பிரித்து நடுவில் ஒரு துண்டு சேர்த்தால் பாவாடை. வெளிப்புறம் தேய்ந்த துணியைத் திருப்பி உட்புறத்தை வெளியாக்கித் தைப்பதும் உண்டு. தேய்ந்த இரண்டைச் சேர்த்து ஒன்று செய்வதும் உண்டு. இரு நிறத் துணி சேர்த்த கோட்டு அக்காலத்தில் நாகரிகமாகக் கருதப்பட்டமைக்கு வறுமையே காரணம்.

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டால் சீட்டு முறை நேர்மையானதுபோலத் தோன்றும். செல்வர்க்கும் ஏழைக்கும் ஒரே 100 புள்ளி அல்லவா? அங்கேதான் நாம் ஏமாறக் கூடாது. பெர்லினில் ஹவுஸ்வோக்டைபிளாட்ஸ் என்னும் சதுக்கத்தைச் சுற்றி இருந்தது ஜெர்மனியின் புகழ்பெற்ற ஆயத்த ஆடைத் தொழில். அதனை வளர்த்தோருள் யூதர் மிகப்பலர். பெண்டிர் சூட்டுகளை அளவெடுத்துத் தைக்கும் நிலையிலிருந்து ஆயத்தமாகச் செய்து உலகெங்கும் அனுப்பும் நிலைக்கு உயர்த்தியவர்கள் அவர்களே. 1933-க்குப் பின்னர் அவர்களைத் தொழிலினின்றும் விரட்டுவதற்கென்றே ஆடை உற்பத்தியாளர் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. 1939-க்குள் அவ்வேலை முடிந்தது. ஒன்றுகூடித் தொழில் காக்கும் சங்கம் என்னும் பெயரையே அயலாரைக் கெடுக்கும் கருவியாக்கினர் என்பது கூட்டுறவில் இருப்பவர் கவனிக்க வேண்டிய செய்தி. 1940 பிப்ரவரியில் யூதர்க்கு ஆடைச் சீட்டே இல்லை என்று ஆணையிட்டார்கள். போலந்தின் லோட்ஸ் நகரத்தில் அடைத்துவைக்கப்பட்ட யூதத் தையற்காரர்கள் அரைவயிற்றுக் கஞ்சிக்குப் படைச் சீருடைகளையும் ஜெர்மானியக் கடைகளுக்கு வேண்டிய உடைகளையும் தைத்தனர். அவுஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களில் மாண்டவர்களின் உடைகள் திரட்டப்பட்டுப் பிறர்க்கு வழங்கப்பட்டன. எல்லார்க்கும் சமமாக அளக்கும் சீட்டு, முதலில் எல்லார் என்பது யார் என்று தீர்மானித்துவிட்டே அளந்தது.

பிரிட்டனிலும் 1941 ஜூன் முதல் ஆடைப் பங்கீடு வந்தது. முதலாண்டில் ஒருவர்க்கு 66 கூப்பன். அங்கே அரசாங்கமே சிக்கன உடைகளுக்கு முத்திரை இட்டது. மடிப்பு, பொத்தான், பை இவை எத்தனை இருக்கலாம் என்றுகூட விதி செய்தது. அதனை விரிக்க இங்கு இடமில்லை.

சாயமும் போயிற்று, சந்தையும் போயிற்று

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ஜெர்மனியின் உடையோடு நம் புடவைக்கு என்ன தொடர்பு என்று கேட்பவர்க்கு ஒரு சொல்லில் விடை கூறலாம்: சாயம். நம் நாட்டில் சாயவேரும் அவுரியும் கொண்டு நிறமேற்றிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மங்கத் தொடங்கிற்று. ஜெர்மனியர் 1869-இல் அலிசரினைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தனர். பின்னர் அவுரியையும் ஆலையிலே செய்தனர். 1914-க்கு முன் நம் சாயப் பட்டறைகளில் இருந்த டப்பாக்களிற் பெரும்பாலானவை ஜெர்மனியினின்றும் வந்தவை. முதல் உலகப்போரில் ஒருமுறை அவை நின்றன. சாயவிலை விண்ணைத் தொட்டது. 1939-இல் மறுபடியும் நின்றன. கரைமிளகாய்ச் சிவப்பும் ஆழ்நீலமும் கொண்ட நாட்டுச் சேலைக்கு நிறம் கிடைக்கவில்லை. கிடைத்த சாயமோ இரண்டு துவைப்பில் வெளுத்தது.

அடுத்துச் செயற்கைப் பட்டு நின்றது. ஜப்பானிலிருந்து வந்த ரேயான் நூலைக் கலந்து மலிவு விலைப் பளபளப்புச் சேலை நெய்துவந்தோர் பலர். 1941-இல் ஜப்பானோடு வாணிகம் முறிந்ததும் அந்நூலும் இல்லை. ஜெர்மானியப் பெண் எந்த மரக்கூழ் இழையை வேண்டாவெறுப்பாக அணிந்தாளோ, அதே இழை இங்கே கிடைக்கவில்லை என்று நம்மவர் வருந்தியது காலத்தின் விளையாட்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் ஜப்பானியர் கையில் வீழ்ந்தன. குடியாத்தம் முதலிய ஊர்களில் நெய்யப்பட்ட கைலிகள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும்தான் பெரும்பகுதி சென்றுகொண்டிருந்தன. அச்சந்தை ஒரே காலாண்டில் மூடியது. கைலியின் அகலத்துக்கும் கட்டத்துக்கும் அமைந்த தறியில் மறுநாளே வேறொன்றை நெய்துவிட முடியாது என்பதை அறியாதார் எளிதாக அறிவுரை கூறுவர். கடலுக்கு அப்பால் நடந்ததோ இன்னும் கொடிது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர் துணி கிடைக்காமல் சாக்கைக் கிழித்து உடுத்தினர். நெய்தவனுக்கு வாங்குவாரில்லை, வாங்க வேண்டியவனுக்கு உடுக்க இல்லை. இடையில் ஒரு கடல்.

அத்தோட்டங்களிலிருந்து சென்ற பெண்களே ஜான்சி ராணிப் படையில் மிகப்பலர். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அதனை அறிவித்தார். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் தேதி பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேலை உடுத்தி வந்த பெண்கள் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து துப்பாக்கி ஏந்தினர். எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் 1942-இல் அமைந்த மகளிர் துணைப்படையினர்க்கோ காக்கிச் சேலையே சீருடையாக அனுமதிக்கப்பட்டது. கடற்படை மகளிர் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்தினர். தமிழ்ப்பெண் முதன்முதல் திரளாகச் 'சூட்டு' அணிந்தது இப்போரிலேதான் என்றால் அது மிகையன்று.

நூல் அளந்த முறை

சீருடை என்றதும் ஆவடி நினைவுக்கு வரும். இன்று அங்கிருக்கும் படை உடைத் தொழிற்சாலை 1961-இல் தோன்றியது. போர்க்காலத்திலும் ஆவடி பெரிய இராணுவக் கிடங்காகவே இருந்தது. சென்னைப் பெரம்பூரில் இருந்து 1996-இல் மூடப்பட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் காக்கித் துணி புகழ்பெற்றது. இத்தகைய ஆலைகள் படைக்கு நெய்யத் தொடங்கியதும், தாம் நூற்ற நூலைத் தாமே நெய்துகொண்டன. கைத்தறிக்கு விற்கும் நூல் குறைந்தது. இதுவே முழுச் சிக்கலின் முடிச்சு. நூற்பாலையிலிருந்து சிட்டாவாக வரும் நூலை நம்பியே கைத்தறி இருக்கின்றது. நெய்யும் கை நம்முடையது, நூற்கும் கை வேறொருவருடையது.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி. ஜே. தாமஸ் தலைமையில் இந்திய அரசாங்கம் 1941-இல் அமைத்த குழு இந்நிலையை ஆராய்ந்து மறுவருடம் அறிக்கை தந்தது. நாடெங்கும் ஏறத்தாழ 20 இலட்சம் கைத்தறிகள் உள்ளன என்று அக்குழு மதிப்பிட்டது. சென்னை மாகாணம் அவற்றில் பெரும்பங்கு கொண்டது. அறிக்கை வந்த வேளையில் விலை ஏறிக்கொண்டிருந்தது. 1943-இன் நடுவில் துணிவிலை போருக்கு முந்திய விலையைப்போலப் பன்மடங்காயிற்று. வங்காளத்தில் உணவுப் பஞ்சத்தின் பின்னாலேயே துணிப்பஞ்சமும் வந்தது. ஒரே சேலையை வீட்டுப் பெண்கள் முறைவைத்து உடுத்தியதாகவும் உடுக்கையின்றி வெளியே வர இயலாமற்போனதாகவும் அக்காலச் செய்திகள் கூறும்.

1943 ஜூனில் பருத்தித் துணி மற்றும் நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. ஆலைத்துணியில் விலை முத்திரை இடவேண்டும்; நூல் வணிகர் உரிமம் பெறவேண்டும்; நூலுக்கு உச்சவிலை உண்டு. கைத்தறியாளர்க்குத் தறிக்கணக்கின்படி மாதந்தோறும் பங்கு. இப்பங்கைக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகவும் வழங்கினார்கள். ஜெர்மனியில் 45 புள்ளி என்று பெண்ணின் சூட்டை அளந்தார்கள் அல்லவா? இங்கே அப்பெண்ணின் சேலையை யாரும் அளக்கவில்லை. அதற்கு முன்படியில் நின்ற நெசவாளனின் நூற்கட்டை அளந்தார்கள்.

அதன் பொருள் என்ன என்பதைக் கணக்கிட்டே காண்போம். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டா. ஒரு சிட்டா 840 கெஜம். ஆக 33,600 கெஜம். சேலையின் அகலம் 46 அங்குலம், அங்குலத்துக்குப் பாவு 60 இழை, ஊடை 56 இழை என்று வைத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் கட்டிய பதினெட்டு முழம், அதாவது 9 கெஜச் சேலைக்குப் பாவில் சுமார் 24,800 கெஜமும் ஊடையில் சுமார் 23,200 கெஜமும் வேண்டும்; கழிவு சேர்க்காமலே ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு. 6 கெஜச் சேலையாயின் ஒரு பவுண்டுக்குள் அடங்கும். 10 பவுண்டுக் கட்டு ஒன்றில் முன்னது ஏழுக்குச் சற்றுக் குறைவு, பின்னது பத்து. மாதப் பங்கு ஒரே கட்டு என்றால் நெசவாளன் எதை நெய்வான்? பதினெட்டு முழம் நம் ஊர்களில் அருகிப்போனதற்கு நகர நாகரிகம், பள்ளிக்கூடம், உள்பாவாடை எனக் காரணங்கள் பல உண்டு. நூற்பஞ்சமும் அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து. சூட்டு வெட்டுவதில் கம்பளி மூலை முடுக்கெல்லாம் துண்டாகக் கழியும். சேலையிலோ வெட்டே இல்லை. சிக்கனம் நம் உடையின் பிறப்பிலேயே இருந்தது. ஆகவே நம்மிடம் குறைப்பதற்கு நீளமும் நெருக்கமுமே எஞ்சின. நெருக்கத்தைக் குறைத்தார்கள். சல்லடைபோன்ற சேலைகள் சந்தைக்கு வந்தன.

பங்கு நூல் மாதம் முழுவதற்கும் போதாது. எஞ்சிய நாட்களில் தறி ஓடாது. தறி ஓடாதபோது தார் சுற்றும் பெண்ணுக்கும் பாவு புணையும் கிழவிக்கும் கூலி இல்லை. கள்ளச்சந்தையில் நூல் உண்டு; விலை எட்டாது. முதலாளியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்தவர்க்கோ பங்கு அவர் பெயரில் வந்தாலும் நூல் முதலாளி வீட்டுக்கே சென்றது. ஜெர்மானியப் பெண் தன் புள்ளியைத் தானே வைத்திருந்தாள். நம் நெசவாளன் தன் பங்கை வேறொருவர் கணக்கிற் பார்த்தான்.

காகிதத் தறிகள்

இதனால் விளைந்தது ஒரு விந்தை. தறிக்கணக்கின்படி நூல் என்றதும் தறிகள் பெருகின, ஊரிலன்று, காகிதத்தில். இல்லாத தறிக்கு நூல் பெற்று வெளியே விற்பது ஒரு தொழிலாயிற்று. தறி எண்ணுவது எங்கள் துறையினர்க்குத் தலைவலி என்று முன்னோர் கூறக் கேட்டிருக்கிறேன். காலையில் இந்தத் தெருவில் இருந்த தறி மாலையில் அடுத்த தெருவில் இருக்குமாம். நூற்பங்குக்காக மட்டும் புதிய நெசவாளர் சங்கங்களும் தோன்றின. அரிசியும் மண்ணெண்ணெயும் பங்கிடுவதற்கென்றே கூட்டுறவுப் பண்டகசாலைகள் தோன்றியதும் அப்போதுதான். 1904-இலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் கண்ட மாவட்டம் நமது. அவ்வியக்கம் நாற்பதாண்டுகளில் அடைந்த உறுப்பினர் தொகையைப் பங்கீடு சில ஆண்டுகளில் கூட்டிவிட்டது என்று மகிழ்ந்தோர் உண்டு. மகிழ்ச்சி நீடிக்கவில்லை.

1948 ஜனவரியில் துணிக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. விலை பாய்ந்தேறியது, அவ்வாண்டு ஜூலை முடிவில் கட்டுப்பாடு திரும்ப வந்தது. கொரியப் போர்க்காலத்தில் நூல் மறுபடி அரிதாயிற்று. பிறகு 1952-இல் நிலைமை தலைகீழ். நூல் கிடைத்தது, நெய்த துணி விற்கவில்லை. கிடங்குகளில் சேலை மலைபோல் குவிந்தது. நெசவாளர் ஊர்களில் கஞ்சித்தொட்டி வைக்க நேர்ந்தது. அப்போது சென்னை முதலமைச்சராயிருந்த இராஜாஜி, சேலையும் வேட்டியும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என மத்திய அரசை வற்புறுத்தினார். முழு ஒதுக்கீடு கிட்டவில்லை. ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவு முன்னைய உற்பத்தியில் 60 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டது. 1953-இல் ஆலைத்துணிக்குக் கெஜத்துக்கு 3 பைசா வரி விதித்து அத்தொகையைக் கைத்தறி, கதர் வளர்ச்சிக்குச் செலவிடச் சட்டம் வந்தது. (அப்பைசா பழைய பைசா, ரூபாய்க்கு 192 என்பதை இளையோர் நினைவிற்கொள்க.)

நூற்பங்கை நம்பி எழுந்த சங்கங்கள் இந்தச் சோதனையில் என்னாயின? நூல் கொடுத்ததோடு நின்றவை, நூல் தாராளமாகக் கிடைத்ததும் வேலையற்றுப் போயின. உறுப்பினர் வருவதற்குக் காரணமில்லை. நூலைக் கொடுத்து, நெய்த துணியைத் திரும்ப வாங்கி, கூலி தந்து, 1935-இல் தோன்றிய மாகாண நெசவாளர் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் வழியாக விற்கவும் செய்தவை இழப்போடாயினும் நின்றன. வேறுபாடு நாணயத்தில் மட்டும் இருந்ததாக நான் கருதவில்லை. முன்னவை நெசவாளனை நூலின் முனையில் மட்டும் சந்தித்தன. பின்னவை துணியின் முனையிலும் சந்தித்தன.

இன்று போரில்லை, பங்கீட்டுச் சீட்டுமில்லை. ஆயினும் நூலை அளக்கும் இடம் மாறிவிடவில்லை. நூற்பாலைகள் உள்நாட்டு விற்பனைக்கு அனுப்பும் நூலில் ஒரு பகுதியைச் சிட்டாவாகத் தரவேண்டும் என்ற விதி உண்டு. அப்பகுதி முன்னர் 50 விழுக்காடாக இருந்தது, 2003-இல் 40 ஆயிற்று, இப்போது 30. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. 1983-இல் தோன்றிய தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் சங்கங்களுக்கு விலைச் சலுகையுடன் நூல் அனுப்புகின்றது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்திலும் நூல் முன்னே வர, துணி பின்னே போகின்றது.

ஆகையால் ஆண்டுப் பேரவைக்கு வரும் உறுப்பினர் வரவு செலவு அறிக்கையின் அடித்தொகையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடலாகாது. நூல் இருப்புப் பதிவேடு, துணி வரவுப் பதிவேடு, கூலிப் பட்டியல் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி அருகருகே வைத்துக்கொள்க. தம் பெயரில் எத்தனை கட்டு எழுதப்பட்டிருக்கின்றது, அதற்கு எத்தனை சேலை வரவாகியிருக்கின்றது என்பதை மேலே காட்டிய கணக்கின்படி, தாம் நெய்யும் நூல் நம்பரையும் இழை நெருக்கத்தையும் இட்டு, தாமே பெருக்கிப் பார்க்கலாம். கழிவுக்கென நூற்றுக்குச் சிறிதளவு கூட்டிக்கொள்வது வழக்கம். அதற்கு மேலும் வேறுபாடு காணப்படின் செயலாளரிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்க உறுப்பினர்க்கு உரிமை உண்டு. கேட்கும் கடிதத்தின் படி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நன்று.